உங்க வயலுக்குள்ள வந்த காட்டுப்பன்றியை அடிக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

பட்டா உங்க பேர்ல இருக்கு. கடலை விதைச்சதும் நீங்கதான். ராத்திரியில வந்து மொத்தத்தையும் தோண்டிப் போட்டுட்டுப் போற காட்டுப்பன்றி மேல மட்டும் உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

காரணம், 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். வேட்டைத் தடை காட்டுக்குள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டா நிலத்துக்கும் அது பொருந்தும். சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூட சட்டப்படி வேட்டைதான். காட்டுப்பன்றியை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். செத்த பன்றியும் அரசு சொத்து. கறி சமைத்தால் அதுவும் குற்றம்.

உயிருக்கு ஆபத்து என்றால்?

தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தில் கொன்றால் குற்றமில்லை. பயிரைக் காப்பாற்றக் கொன்றேன் என்றால் இந்த விலக்கு கிடைக்காது.

அப்போ யார்தான் சுடலாம்?

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறைப்படி, காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.-க்கு அப்பால் மட்டும் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான். காட்டை ஒட்டியே வயல் வைத்திருப்பவருக்கு இதில் ஆறுதல் ஒன்றும் இல்லை என்பதுதான் நிஜம்.

கரன்ட் வேலி

இந்தக் கோபத்தில் சிலர் திருட்டுத்தனமாக வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அதற்கு பன்றி, யானை, மனுஷன் என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின. நில உரிமையாளர் கைதானார். பயிர் சேதமானால் உடனே போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுப்பதுதான் சட்டப்படியான வழி.

பழங்குடிகளுக்கு விலக்கு உண்டா?

கிடையாது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, மூலிகை சேகரிக்கும் உரிமையைத் தருகிறது. காலங்காலமான மற்ற உரிமைகளையும் ஏற்கிறது. ஆனால் வேட்டையை மட்டும் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது. தேனெடுக்கப் போகிறவர் வழியில் முயலுக்குக் கண்ணி வைத்தால், அவர் மேலும் வழக்கு பாயும்.