மூட்டுப் பிடிப்பும் தருமபுரித் தண்ணீரும்

தருமபுரி மாவட்டத்தில் அரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். இலங்கையிலிருந்து திரும்பிய ராமர், சிவபூஜைக்குத் தண்ணீர் வேண்டிப் பாறையில் அம்பு விட்டார், அதில் வந்ததுதான் ராமர் தீர்த்தம் என்கிறது தலபுராணம். அகஸ்தியர், குமாரர், கௌரி, அக்னி என்று இன்னும் பல தீர்த்தங்கள் உண்டு. மூலிகைகளைத் தொட்டு வரும் இந்தத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் வயதானவர்களும் படியேறி வருகிறார்கள். ஒரு கை முழங்காலில், ஒரு கை கைப்பிடியில்...

ஆனால் இதே மாவட்டத்தில் பல கிராமங்களில், குடித்த தண்ணீரே மனிதர்களின் முதுகையும் முட்டியையும் இறுக்கிப் போட்டது. ஒரே ஊர்ப்பக்கம், இரண்டு தண்ணீர்! மூட்டு வலிக்குக் கைவைத்தியம் தேடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

முதலில் கைவைத்தியத்தைப் பார்ப்போம். நம் ஊரில் இது புதிதல்ல. மூட்டு வலி, பிடிப்பு எல்லாவற்றையும் சித்த மருத்துவம் பெரும்பாலும் வாதத்தில் சேர்த்தது. அதற்கு எண்ணெய், ஒற்றடம், பற்று, கூடவே தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் உட்பட தொக்கணத்தில் ஒன்பது வகை உண்டு. தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் வர்ம ஆசான்கள். எலும்பு முறிந்தால் ஆந்திரப் புத்தூரின் பெயரில் கட்டு. "அவருக்குக் கைராசி" என்ற ஒரு வார்த்தை போதும், பத்து ஊர் தாண்டியும் ஆள் போகும்.

மேல்நாட்டில் இதற்குச் சமமாக வந்ததுதான் கைரோபிராக்டிக். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கினார். அவர் மருத்துவம் படித்தவர் அல்ல, காந்த சிகிச்சை செய்துவந்தவர். அவருடைய முதல் நோயாளிக்கு மூட்டு வலியே கிடையாது! ஹார்வி லில்லார்ட் என்ற அந்தத் துப்புரவுத் தொழிலாளிக்குக் காது கேட்காது. முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்ததும் கேட்டது என்றார் பால்மர். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, முதுகெலும்பு விலகுவதால்தான் வருகின்றன என்றும் சொன்னார். இதை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததற்காக 1906இல் அவர் சிறைக்கும் போனார்.

ஆனால் அந்தத் தொழில் அழியவில்லை. 1972இல் வந்த சட்டத்தின் மூலம், முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் இதற்கும் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. முதுகெலும்புக்குக் கையால் செய்யும் சிகிச்சைக்கு மட்டும்தான் பணம், முழங்காலுக்குக் கிடையாது. இன்னொன்று, முதுகெலும்பில் கோளாறு இருப்பதை எக்ஸ்ரே காட்ட வேண்டும். இந்த எக்ஸ்ரே நிபந்தனை 2000ஆம் ஆண்டுதான் நீங்கியது.

இந்த எக்ஸ்ரே விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு நம் பக்கம் திரும்பலாம்.

1937ஆம் ஆண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் சில கிராமங்களில் விசித்திரமான நோய். பல்லில் கறை. வயது ஏற ஏற முதுகு வளையாது, கழுத்து திரும்பாது, கடைசியில் ஆளே மரக்கட்டை போல ஆகிவிடுவார். சென்னை கிண்டியில் இருக்கும் கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட், அவருடன் பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். காரணம் வாதமும் அல்ல, வம்சமும் அல்ல. கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு! மூவரில் ஒருவரான சி.ஜி. பண்டிட்தான் பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார்.

நடப்பது இதுதான். சில வகைப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைவிட மிக அதிகமான தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு தடிக்கிறது. எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து அவையே எலும்பு போல இறுகுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மூட்டுவாதம் போலவே இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் பல நேரம் வித்தியாசம் தெரியும். இப்படி இறுகிய முதுகெலும்பை எந்தக் கைராசிக்காரரும் முறுக்கிச் சரிசெய்ய முடியாது. முறுக்கினால் ஆபத்தும் உண்டு.

தருமபுரியும் இப்படிப்பட்ட கடினப் பாறை பூமிதான். மழை குறைவு, ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. தண்ணீர் கிடைத்தது, கூடவே ஃபுளோரைடும் கிடைத்தது.

இதற்கான விடை காவிரியில் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' என்பதும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பான் கடனுதவியுடன் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. உடனே கர்நாடகாவில் எதிர்ப்பு, இங்கே சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம், ஏப்ரலில் திட்டம் சிறிது காலம் நிறுத்திவைப்பு. அந்த வருடம் பத்திரிகைகளில் வந்த படமெல்லாம் நடிகர்களுடையதுதான். நிமிர முடியாத கிராமத்துப் பெரியவரின் முதுகு எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்? ஒருவழியாக 2013இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

நல்ல தண்ணீர் இனி வரப்போகும் பாதிப்பைத் தடுக்கும். ஏற்கெனவே இறுகிய எலும்பைப் பழையபடி ஆக்காது. அப்படியானால் இன்றைய பெரியவர்களுக்கு என்ன வழி?

'டக் டக்' என்று கழுத்தைத் திருப்பும் வீடியோக்கள் இன்று எல்லோருடைய கைபேசியிலும் ஓடுகின்றன. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எலும்பு தேய்ந்து மெலிந்தவர்களுக்கு வேகமான முறுக்கு எலும்பு முறிவில் முடியலாம். ருமட்டாய்டு மூட்டுவாதம் உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம், அங்கே கைவைப்பது தண்டுவடத்தையே பாதிக்கும். சாதாரண முழங்கால் தேய்மானத்துக்கு மருத்துவ வழிகாட்டிகள் முதலில் சொல்வது தினசரிப் பயிற்சி, எடைக் குறைப்பு. 'டக்' என்ற சத்தம் இல்லாத, சலிப்பான வைத்தியம்தான்!

அந்தச் சலிப்பான வைத்தியத்தை வீட்டுக்கே கொண்டு வர 2021 ஆகஸ்ட் 5இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி. 2004 வரை அது தருமபுரி மாவட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் இதில் உண்டு.

செலவுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வலி வரும்போதெல்லாம் ஒரு சிட்டிங்குக்குக் காசு, போக வர பஸ்ஸுக்குக் காசு, கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலி. இது வாழ்நாள் முழுக்கப் போகும் செலவு. ஒரு எக்ஸ்ரேயும் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் ஒரு பரிசோதனையும் அதற்கு முன்னால் ரொம்பச் சின்ன செலவு.

தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், தீர்த்தமாடி மனதார வேண்டிக்கொண்டு வரட்டும். ஆனால் வீட்டில் பாட்டி "முதுகு பிடிச்சிக்கிச்சு" என்றால், யாரிடம் கூட்டிப் போய் முறுக்கலாம் என்று கேட்பதற்கு முன், இத்தனை வருடம் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று கேளுங்கள்.