'ஹீ இஸ் டாக்டர்': உருது பேசுறவங்களுக்கு 'ஏ', 'தி' ஏன் விட்டுப்போகுது?

"ஹீ இஸ் டாக்டர்." பல வருஷம் ஆங்கிலம் படித்த உருது மொழிக்காரர்கள் எழுத்திலும் இப்படி வருவதுண்டு. இது கவனக்குறைவு இல்லை, தாய்மொழியின் தாக்கம்.

என்ன காரணம்?
'ஏ', 'ஆன்', 'தி' போன்ற சொற்கள் உருதுவில் தனியாக இல்லை. 'வோ டாக்டர் ஹை' என்றாலே 'அவர் டாக்டர்' என்று புரிந்துவிடும். அதை அப்படியே மாற்றும்போது 'ஏ' காணாமல் போகிறது.

அப்போ எந்தப் பொருள்னு எப்படி தெரியும்?
'ஏக்' என்றால் 'ஒரு'. 'யே', 'வோ' என்றால் 'இந்த', 'அந்த'. 'கிதாப் படோ' என்றால் புத்தகம் படி. 'கோ' சேர்த்து 'கிதாப் கோ படோ' என்றால் புத்தகத்தைப் படி, அதாவது குறிப்பிட்ட ஒன்றை. நம்ம 'ஐ' வேற்றுமை செய்யும் அதே வேலை!

எங்கே தடுமாற்றம்?
▪ 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'ஒன்' வரும்
▪ 'தி சன்' என்பது வெறும் 'சன்' ஆகும்
▪ பயத்தில் 'தி லைஃப் இஸ் ஹார்ட்' என தேவையில்லாத 'தி' சேரும்

என்ன நஷ்டம்?
வெளிநாட்டுப் படிப்புக்கான ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில், மதிப்பெண்ணுக்கான 4 அளவுகோல்களில் இலக்கணமும் ஒன்று. இந்தப் பிழை திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பெண் குறையலாம்.

எப்படி சரிசெய்வது?
எழுதும்போது 2 கேள்வி கேளுங்க. எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளா? அப்படின்னா வெறுமனே விடக்கூடாது. எதுன்னு கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரிஞ்சா 'தி', தெரியலைன்னா 'ஏ' அல்லது 'ஆன்'.

தமிழிலும் இந்தச் சொற்கள் இல்லை. அதனால் இந்தக் கேள்விகள் நமக்கும்தான்!