மூடிய சுழற்சி விநியோகச் சங்கிலி ஆய்வுகளின் வரலாற்றுப் போக்கு: திரட்டுபவரை முன்வைத்து

முன்னுரை

பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற்று, அதில் எஞ்சிய மதிப்பை மீட்டு, மீண்டும் பயன்பாட்டிற்குக் கொண்டுவரும் அமைப்பு மூடிய சுழற்சி விநியோகச் சங்கிலி எனப்படும். இத்துறை ஆய்வுகள் வளர்ந்த வரலாற்றையும், பழைய பொருளைத் திரட்டுபவர் அவற்றில் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கையிருப்புக் கணக்கு

1967இல் ஷ்ரேடி, பழுதுபார்த்துப் பயன்படுத்தத்தக்க பொருள்களுக்கான கையிருப்பு மாதிரியை வெளியிட்டார். புதிதாக எவ்வளவு வாங்குவது, எவ்வளவு பழுதுபார்ப்பது என்பதே அவர்தம் வினா. தேவையும் பொருள் திரும்பிவரும் விகிதமும் மாறாதவை என்பது அவரது எடுகோள். எனவே, திரட்டுபவர் யார் என்னும் வினா அங்கு எழவில்லை.

மீட்பு வழிகள்

1995இல் தியரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் பழுதுநீக்கல், புதுப்பித்தல், மறுஉற்பத்தி, உதிரிபாகங்களைப் பிரித்தெடுத்தல், மறுசுழற்சி என ஐந்து மீட்பு வழிகளை வகைப்படுத்தினர். 1997இல் பிளைஷ்மன் குழுவினர், அதுவரை வெளிவந்த கணித மாதிரிகளை விநியோகத் திட்டமிடல், கையிருப்புக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல் என மூன்றாகப் பகுத்து மதிப்பிட்டனர்.

திரட்டுபவர் யார்?

இவ்வினாவை 2004இல் சவாஸ்கன், பட்டாச்சார்யா, வான் வாசன்ஹோவ் ஆகியோர் நேரடியாக எழுப்பினர். உற்பத்தியாளர் தாமே திரட்டுதல், சில்லறை வணிகரைத் திரட்டச் செய்தல், மூன்றாம் நிறுவனத்திடம் ஒப்பந்த அடிப்படையில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, நுகர்வோருக்கு அருகிலுள்ள சில்லறை வணிகரே திரட்டுவதற்கு ஏற்றவர் என முடிவுகண்டனர். 2009இல் கைடும் வான் வாசன்ஹோவும் இத்துறையின் வளர்ச்சியை ஐந்து கட்டங்களாகப் பிரித்தனர். முதற்கட்டம் மறுஉற்பத்தியின் தொழில்நுட்பச் சிக்கல். ஐந்தாம் கட்டம் விலையும் சந்தையும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் நுகர்வோருக்கு அருகில் இருப்பவர் தெருவில் வரும் பழைய பொருள் வியாபாரி. உற்பத்தியாளருடன் எந்த ஒப்பந்தமும் இன்றி, வாசலிலேயே விலை கொடுத்து வாங்கிச் செல்பவர் அவர். 2011ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின. திரட்டு மையங்களுக்கும் இடமளித்தன. 2022ஆம் ஆண்டின் விதிகளோ தயாரிப்பாளர், உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகிய நால்வரையே பதிவு செய்யப் பணிக்கின்றன. திரட்டுபவருக்கெனத் தனிப் பிரிவு அவற்றில் இல்லை.

முடிவுரை

2004ஆம் ஆண்டின் மாதிரியில் பொருள் திரும்பும் விகிதத்தைத் தீர்மானிப்பது திரட்டலுக்காகச் செய்யப்படும் முதலீடு. இந்திய வீடுகளிலோ அதனைப் பெரிதும் தீர்மானிப்பது வியாபாரி வாசலில் தரும் விலை. அவ்விலையைக் கணக்கிற்கொள்ளாத மாதிரி இங்கு திரும்பும் விகிதத்தைப் பிழையாகவே மதிப்பிடும். அதனை அடியொற்றி வகுக்கப்படும் கொள்கை அவரது பிழைப்பையும் பாதிக்கும். எனவே, அவரையும் சங்கிலியின் ஒரு கண்ணியாகக் கொண்ட மாதிரிகளை உருவாக்குவதே இந்திய ஆய்வாளர்முன் உள்ள முதற்பணியாகும்.