எஞ்சின் கூடத்தில் ஒரு திரைச்சீலை

பழைய கட்டடத்தைப் பொது வேலையிடமாக மாற்றியதாகச் சொல்லும் படங்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே கதைதான். ஒரு செங்கல் சுவரை மட்டும் பூசாமல் விட்டிருப்பார்கள். மற்றபடி ஃபால்ஸ் சீலிங், கண்ணாடி அறைகள், ஏசி. கட்டடம் பிழைச்சிருக்கும், ஆனா உள்ளே போனா அது தெரியாது.

நெதர்லாந்தின் டில்பர்க் நகரத்து லோக்ஹால் எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான். 1932-ல் ரயில் எஞ்சின்களுக்காகக் கட்டிய கூடம். 90 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம். இன்று அதற்குள் நகர நூலகமும் கோ-வொர்க்கிங் இடமும் இருக்கின்றன. 2019-ல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருதும் கிடைத்தது.

எஞ்சின் நின்ற இடத்தில் மனுஷன் லேப்டாப்போடு உட்கார வேண்டும். முதல் சிக்கல் குளிர். இவ்வளவு பெரிய கூடத்தை முழுசா சூடாக்கினால் கட்டுப்படியாகாது. அதனால், கூடத்தை விட்டுவிட்டு ஆட்களைச் சூடாக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். ஆட்கள் உட்காரும் இடங்களில் கதகதப்பு, நடந்து போகும் இடங்களில் கொஞ்சம் குளிர். அடுப்புப் பக்கத்தில் போய் உட்காருவோமே, அதே கணக்குதான்.

இரண்டாவது சிக்கல் சத்தம். சுவர் எழுப்பினால் கூடம் துண்டாகிவிடும். வடிவமைப்பாளர் பெட்ரா பிளைஸின் குழு ஆறு பிரம்மாண்டமான திரைச்சீலைகளைத் தொங்கவிட்டது. இழுத்தால் ஓர் அறை, ஒதுக்கினால் மறுபடி கூடம். டில்பர்க் ஒருகாலத்தில் கம்பளி ஆலைகளின் ஊர். திரைகளும் அந்த ஊர் ஜவுளி அருங்காட்சியகத்தின் பட்டறையில்தான் உருவாயின.

தரையில் இருந்த தண்டவாளங்களையும் பெயர்க்கவில்லை. அவற்றின் மேல் சக்கரம் வைத்த பெரிய மேசைகள் ஓடுகின்றன. தேவைப்பட்டால் அதையே மேடையாக்கிக்கொள்ளலாம்.

பழசை அலங்காரமாக மாட்டி வைப்பது வேறு, அதுக்கு மறுபடி வேலை கொடுப்பது வேறு. உள் அலங்காரம் செய்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் ஒரு உறுத்தல். தண்டவாளம் இருக்கு, எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகள் அங்கே இல்லை. கட்டடத்தைக் காப்பாற்றுவது தொழிலைக் காப்பாற்றுவதாகாது. ஆனால் இன்னொன்றும் உண்மை. ரயில்வே இருந்த காலத்தில் அந்த வளாகம் ஊர்க்காரர்களுக்கு மூடிக் கிடந்தது. இன்று யார் வேண்டுமானாலும் உள்ளே போய், ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காரலாம்.