காசநோய்க்கான சளிப் பரிசோதனை: மாதிரி முதல் முடிவு வரை

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், சளியில் இரத்தம் ஆகியவை காசநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். வண்ணாரப்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரிவோர், இருமலைத் தூசியாலும் புகையாலும் வந்தது என எண்ணிவிடக்கூடும். சளியைப் பரிசோதிக்காமல் அம்முடிவுக்கு வரக்கூடாது. பரிசோதனையின் நம்பகத்தன்மை ஆய்வகத்தை மட்டுமன்றி, நீங்கள் கொடுக்கும் மாதிரியையும் பொறுத்தது.

சரியான மாதிரி எது?

உமிழ்நீர் வேறு, நெஞ்சிலிருந்து வரும் சளி வேறு. உமிழ்நீரை மட்டும் கொடுத்தால், நோய் இருந்தும் ‘கிருமி இல்லை’ என்று முடிவு வரலாம். அதனால் சிகிச்சை தள்ளிப்போகும். ஒரே அறையில் வாழும் குடும்பத்தினருக்கும் நோய் பரவும்.

• மருந்து தொடங்கும் முன்பே மாதிரி கொடுங்கள்.
• காலையில் எழுந்ததும், உணவுக்கு முன், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள்.
• மொட்டை மாடி போன்ற திறந்தவெளியில், பிறரிடமிருந்து விலகி நில்லுங்கள். கழிவறையிலோ மூடிய அறையிலோ சளி எடுக்க வேண்டாம்.
• இருமுறை ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள். மூன்றாம் முறை இழுத்தபின் நெஞ்சின் அடியிலிருந்து இருமி, சளியைக் குப்பியில் சேகரியுங்கள். குறைந்தது 2 மில்லிலிட்டர் தேவை.
• குப்பியை இறுக மூடுங்கள்; பெயர் மூடியில் அல்லாமல் குப்பியின் பக்கவாட்டில் எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். அன்றே ஒப்படையுங்கள்.

சளி வெளிவராத குழந்தைகளுக்கு இரைப்பை நீர் போன்ற வேறு மாதிரியை மருத்துவர் எடுப்பார்.

ஆய்வகத்தில் செய்யப்படும் சோதனைகள்

நுண்ணோக்கிச் சோதனை: ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் இதில் தென்படும்.

மூலக்கூறு சோதனை (சிபிநாட், ட்ரூநாட்): சில நூறு கிருமிகள் இருந்தாலே கண்டறியும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் காட்டும். சிபிநாட் கருவியில் சோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் முடியும். இறந்த கிருமியின் மரபணுப் பொருளையும் இது காட்டக்கூடும் என்பதால், சிகிச்சையின் முன்னேற்றத்தை அறிய இது பயன்படுத்தப்படுவதில்லை.

வளர்ப்புச் சோதனை: கிருமியை வளர்த்து, எந்தெந்த மருந்துகளுக்குக் கட்டுப்படும் என அறிவது. கிருமி மெதுவாக வளர்வதால் முடிவுக்குச் சில வாரங்கள் ஆகும். தாமதத்தைக் கண்டு, தொடங்கிய மருந்தை நிறுத்த வேண்டாம்.

ஒருமுறை ‘இல்லை’ என வந்தும் அறிகுறிகள் தொடர்ந்தால் மீண்டும் மருத்துவரை அணுகுங்கள். அந்த முடிவு, அந்த மாதிரியில் கிருமி காணப்படவில்லை என்பதை மட்டுமே குறிக்கும்.

தரம் எவ்வாறு காக்கப்படுகிறது?

நுண்ணோக்கியில் குறைந்தது 100 புலங்களைப் பார்த்த பின்னரே ‘கிருமி இல்லை’ என எழுத வேண்டும். பார்த்து முடித்த கண்ணாடித் தகடுகளில் சில, முதல் முடிவு தெரியாத மற்றொருவரால் மறுபடியும் பார்க்கப்படுகின்றன. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இத்திட்டத்தின் தேசிய மேற்கோள் ஆய்வகங்களுள் ஒன்று.

தனியார் ஆய்வகத்திற்குச் சென்றால், ஐஎஸ்ஓ 15189 தரத்தின்படி என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ளதா, குறிப்பிட்ட அந்தச் சோதனை அதில் அடங்குமா எனக் கேளுங்கள். காசநோயைக் கண்டறிய இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனைகளை இந்திய அரசு 2012-இல் தடை செய்துள்ளது. அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

நோய் உறுதியானால்

அச்சம் வேண்டாம். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை அளிப்பது மருத்துவமனையில் சேர்ப்பதற்கு இணையான பலன் தருகிறது எனக் காட்டியது. அந்த மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. எனினும், மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடுங்கள். வீட்டிலுள்ள அனைவரையும், குறிப்பாக 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை, பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வழங்கப்படுகிறது. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு ஸ்டான்லி மருத்துவமனையையோ அணுகுங்கள். காசநோய் உதவி எண்: 1800-11-6666.