பிறந்த குழந்தையின் நிறை இழப்பும் மேலதிகப் பாலும்: கண்டி

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சிளங்குழந்தையின் நிறை குறையும்போது வேறு பால் சேர்ப்பதா, எப்போது சேர்ப்பது என்பது ஒரு மருத்துவ முடிவு. கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, கம்பளை, நாவலப்பிட்டி வைத்தியசாலைகளில் சுகப்பிரசவமான தாய் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார். நிறை ஆகக் குறைவதோ 2ஆம், 3ஆம் நாட்களில். ஆகவே வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரின் கண்ணில்தான் பிரச்சினை முதலில் படும்.

நிறைமாதக் குழந்தை பிறப்பு நிறையில் 5 முதல் 7 சதவீதம் இழப்பது இயல்பு. 10 முதல் 14 நாட்களில் அதை மீட்டுவிடும். 3,000 கிராமில் பிறந்த குழந்தை 2,700க்கு இறங்கினால் 10 சதவீத இழப்பு. அங்கே முழுப் பரிசோதனை கட்டாயம். ஆனால் அந்த எண் பால்மா டின்னைத் திறக்கச் சொல்லும் உத்தரவு அல்ல. பிரசவத்தின்போது தாய்க்கு நிறைய சேலைன் ஏற்றியிருந்தால் குழந்தை கூடுதல் நீரோடு பிறந்து, முதல் நாளில் அதைச் சிறுநீராகக் கழிக்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிசேரியன் குழந்தைகளில் கால்வாசிக்கு மேல் 72 மணி நேரத்துக்குள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இழந்திருந்தன. தராசையும் கவனிக்க வேண்டும்: 100 கிராம் கோடுகள் மட்டுமுள்ள தொங்கு தராசில் ஒரு கோடு பிசகினாலே 3,000 கிராம் குழந்தைக்கு 3 சதவீதம் மாறிவிடும்.

எனவே பால் குடிப்பதைப் பார்க்க வேண்டும். முலைக்காம்பை மட்டும் பற்றியிருக்கிறதா, கருவளையத்தையும் சேர்த்து வாய் நிறையப் பற்றியிருக்கிறதா? விழுங்கும் சத்தம் கேட்கிறதா? 4ஆம் நாளாகியும் மலம் கறுப்பாகவே இருந்தால், அப்போதும் சிறுநீர் செங்கல் நிறத்தில் கறைபட்டால், பால் போதவில்லை என்று கொள்ளலாம். எழுப்பினாலும் எழாத சோர்வு, கூடிவரும் மஞ்சள் காமாலை, வறண்ட வாய் இருந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது; இரத்தத்தில் சோடியம் ஏறியிருக்கலாம். கலஹா, தெல்தோட்டைத் தோட்ட லயங்களிலிருந்து பேராதனை வரும் மலைப்பாதையை நினைத்தால், இந்த முடிவை இருட்டுவதற்கு முன்பே எடுப்பது நல்லது.

மேலதிகப் பால் தேவையென்றால் முதலிடம் தாய் கையால் பீச்சிய பாலுக்கே. கரண்டியாலோ சிறு கோப்பையாலோ புகட்டலாம். அது போதாதபோதுதான், வைத்தியர் சொல்லும் அளவில், பால்மா. 2ஆம் நாளில் ஒரு வேளைக்கு 5 முதல் 15 மில்லிலீற்றரே போதும். போத்தல் நிறையக் கொடுத்தால் குழந்தை மார்பைத் தேடாது. பாட்டிமார் நீட்டும் சீனித் தண்ணீரில் பாலின் சத்து இல்லை.

2016 தேசியக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டக்கோவையும் உண்டு. இவை பெருமைக்குரியவையே, ஆனாலும் பால்மா கொடுத்தால் குறை சொல்வார்களோ என்ற கூச்சத்தில், வாடும் குழந்தைக்குப் பால் தாமதிப்பது தவறு. மேலதிகப் பால் தொடங்கினாலும் ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் போட வேண்டும். மறுநாள் அதே தராசில் நிறுத்து, நிறை ஏறத் தொடங்கியதும் மேலதிக அளவைப் படிப்படியாகக் குறைப்பர்.