அரக்குத் தட்டும் சேகரிப்பாளர் செவியும்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழிசையின் வரலாற்றை எழுதுவோர் சபைகளின் நிகழ்ச்சி நிரல்களையும், பத்திரிகை விமர்சனங்களையும், வித்வான்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். இவற்றுக்குச் சற்றும் குறையாத மற்றொரு சான்றுத் தொகுதி, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் கிராமபோன் இசைத்தட்டுகளாகப் பழைய பொருள் வியாபாரிகளின் சாக்குமூட்டைகளிலும் வீட்டுப் பரண்களிலும் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, துடைத்து, வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பக் கேட்டவர்களில் பெரும்பாலோர் கல்வி நிறுவனங்களைச் சாராத தனிமனிதச் சேகரிப்பாளர்கள். எல்லோரும் விரும்பும் பாடலை விட்டுவிட்டு யாருக்கும் நினைவில்லாத ஒருவரின் மூன்று நிமிடப் பாட்டைப் போற்றுவதும், பாட்டைக் கேட்குமுன் தட்டின் விளிம்பை ஆராய்வதும் பிறருக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடும். ஆயினும் தமிழ்நாட்டு இசையின் விடுபட்ட பக்கங்கள் இன்று ஓரளவேனும் படிக்கக் கிடைப்பதற்கு அந்த விசித்திரமான கேட்கும் முறையே காரணம்.

சேகரிப்பாளர்கள் 'அரக்குத் தட்டு' என்று அழைக்கும் பொருளின் இயல்பை முதலில் அறிவது நலம். புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை உருக்கிச் சுத்திகரித்து, அதனுடன் நுண்ணிய கல்தூள், கரித்தூள், பஞ்சிழை ஆகியவற்றைக் கலந்து, சூடேற்றி அச்சில் அழுத்தினால் தட்டு உருவாகும். உலகத் தேவைக்கான அரக்கின் பெரும்பகுதி சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள காடுகளிலிருந்தும் சென்றது. எனவே ஐரோப்பியப் பாடகர்களின் குரல்கூட இந்தியக் காட்டுப் பிசினில்தான் பதிந்திருந்தது எனலாம். தட்டு கடினமானது, ஆனால் கைதவறினால் கண்ணாடியைப் போல் நொறுங்கிவிடும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமும், பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலும் ஓடும். பக்கத்துக்கு ஓர் எஃகு ஊசி என்பது நிறுவனத்தார் வகுத்த விதி. ஊசி தேயத் தேயத் தட்டின் பள்ளத்தையும் அது அரித்துவிடும் என்பதால் ஏற்பட்ட அந்த விதியை நம் வீடுகளில் யாரும் பெரிதாகப் பின்பற்றவில்லை. ஒரே ஊசியில் ஒரு மாலைப் பொழுதையே ஓட்டிவிடுவதுதான் நடைமுறையாக இருந்தது.

கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்ததை இந்திய இசைத்தட்டு வரலாற்றின் தொடக்கமாகக் கொள்வர். அடுத்த சில ஆண்டுகளில் பதிவுக் குழுக்கள் சென்னைக்கும் வந்து சேர்ந்தன. ஒலிவாங்கி இல்லாத அக்காலத்தில் பாடுபவர் பெரிய கூம்பு வடிவக் குழலுக்குள் முகத்தை நீட்டி உரக்கப் பாட வேண்டும். அவ்வொலியின் அதிர்வே நேரடியாக ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடிழுக்கும். மெழுகுப் பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே அச்சாகி, விற்பனைக்குரிய தட்டாகத் திரும்பி வரும். மொழி தெரியாத தொழிற்சாலைப் பணியாளர்கள் எந்தத் தட்டு யாருடையது என்று அடையாளம் காண்பதற்காகப் பாடகர்கள் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே அறிவிக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை திறக்கப்பட்டபின் அந்தத் தேவை குறைந்து வழக்கமும் மெல்ல மறைந்தது.

தேர்ந்த சேகரிப்பாளர் ஒரு பழந்தட்டைக் கேட்கும்போது இந்த முடிவு அறிவிப்புக்காகவே காத்திருக்கிறார். ராகத்திலும் தாளத்திலும் கட்டுண்டிருந்த குரல் அங்கே திடீரெனச் சாதாரணப் பேச்சுக்குரலாக மாறுகிறது. சிலர் பெயரைப் பெருமிதத்தோடு சொல்கின்றனர், சிலர் அவசரமாகச் சொல்லி முடிக்கின்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பாடகியின் இயல்பான பேச்சொலி, ஊர் வழக்கின் சாயலோடு, அந்த ஓரிரு விநாடிகளில் மட்டுமே எஞ்சியிருப்பதும் உண்டு.

அடுத்து அவர் நோக்குவது, ஒலிக்கோடுகள் முடியும் இடத்துக்கும் நடுவில் ஒட்டிய வட்டத்தாளுக்கும் இடைப்பட்ட வெற்று வளையத்தை. விரலகலமே உள்ள அவ்விடத்தில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்படி, பதிவின் வரிசை எண்ணும் சில எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். விற்பனைப் பட்டியலுக்காக வட்டத்தாளில் அச்சிட்ட எண் பின்னாளில் மாறக்கூடும். மெழுகிலேயே பொறித்த எண் மாறாது. கிராமபோன் கம்பெனியின் தட்டுகளில் எண்ணை அடுத்து வரும் எழுத்து, பதிவு செய்த நிபுணர் யார் என்பதையும் தெரிவிக்கும். அடுத்தடுத்த எண்களைக் கொண்ட தட்டுகளை ஒன்று சேர்த்தால் ஒரே பதிவு அமர்வில் யார் யார், எந்த வரிசையில் பாடினர் என்பது விளங்கும். கல்வெட்டாய்வாளர் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பதற்கு ஒப்பான இந்த வேலையைச் சேகரிப்பாளர்கள் யாரும் பணிக்காமல் தாமே செய்து வந்திருக்கின்றனர். வட்டத்தாளின் படமும் கால அடையாளமே. இறகுபேனாவால் தட்டில் எழுதும் தேவதையின் உருவம் இருந்தால் அது பழையது, குழலருகே அமர்ந்து கேட்கும் நாயின் படம் அதற்குப் பிந்தியது. தமிழர் வாயில் 'நாய் மார்க்' என்றே வழங்கிய இந்தப் படம் பிரான்சிஸ் பராட் என்னும் ஆங்கில ஓவியரின் கைவண்ணம்.

தொடக்க காலத் தட்டுகளில் ஒலிப்பவர்கள் யார் என்னும் கேள்வியே இந்த வரலாற்றின் மையம். குரலைப் பெட்டிக்குள் அடைத்தால் தொண்டை கெடும், ஆயுள் குறையும் என்னும் நம்பிக்கையாலும், தம் பாட்டு கண்ட இடத்திலெல்லாம் ஒலிக்கும் என்னும் தயக்கத்தாலும் ஆண் வித்வான்கள் பலர் ஒதுங்கி நின்றபோது, தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்களே துணிந்து முன்வந்து குழலின் முன் நின்றனர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோரின் பதிவுகள் அவ்வகையின. பின்னாளில் சபை மேடையின் இலக்கணம் வகுக்கப்பட்டபோது இப்பெண்களில் பலரின் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1947இன் சென்னை மாகாணச் சட்டம் தேவதாசி முறையை ஒழித்தபோது, முறையின் கொடுமையோடு சேர்த்து அந்த மரபின் கலைப் பங்களிப்பையும் பேசாமல் விடுவது சமூக நாகரிகமாகக் கருதப்பட்டது. குடும்பத்தாரே பாட்டியின் பெயரைச் சொல்லத் தயங்கிய காலத்தில் அவருடைய தட்டைப் பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்துப் பாதுகாத்தவர்களுக்கு வரலாறு கடன்பட்டுள்ளது.

கோயம்புத்தூர் தாயியின் தட்டுகள் சென்றடைந்த செவிகளில் ஒன்று மிகவும் எதிர்பாராதது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் மாணவரான மொரீஸ் டெலாஜ் 1912 வாக்கில் இந்தியாவில் பயணம் செய்தார்; தாயியின் குரலில் மனம் பறிகொடுத்து அவருடைய தட்டுகளைப் பாரிசுக்கு எடுத்துச் சென்று, மீண்டும் மீண்டும் கேட்டார். வள்ளலாரின் அருட்பாவைத் தாயி பாடிய பதிவை அடியொற்றி அவர் 'ராகமாலிகை' என்னும் படைப்பை இயற்றினார். கமகத்தின் வளைவையும் சொல்லற்ற குரலசைவையும் மேலைச் சுரக்குறிப்பில் எழுத முயன்ற அவர், பியானோவின் ஒரு நரம்படியில் அட்டைத் துண்டைச் செருகி ஒலியை மங்கச் செய்யுமாறு குறிப்பும் எழுதி வைத்தார். பியானோவின் உள்ளே பொருள்களைப் பொருத்தி ஒலியை மாற்றும் உத்தியால் அமெரிக்கரான ஜான் கேஜ் புகழ் பெறுவதற்கு வெகுகாலம் முன்பே நடந்தது இது. தமிழ்நாட்டில் தாயியின் பெயர் மங்கிக்கொண்டிருந்தபோது பாரிசில் ஒருவர் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து அவர் பாடிய ஒரே வரியைப் பயின்றுகொண்டிருந்தார் என்பது, இசைத்தட்டு என்னும் சாதனம் செய்த வேலைகளுள் மிகச் சிறந்தது.

தட்டைக் கேட்பதில் தீராத வாதமாக இருப்பது வேகம். 78 என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற எண். பழைய பதிவுகள் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையே ஏதேனும் ஒரு வேகத்தில் எடுக்கப்பட்டன. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிவானதை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை கூடிவிடும். ஆர்மோனியக் கட்டைகளைக் கொண்டு பாடகரின் ஆதார சுருதியைக் கூறும் நம் வழக்கத்தில் இது சிறிய வேறுபாடன்று. எடுத்துக்காட்டாக, 1906இல் செங்கோட்டையில் பிறந்து 1933இல் மறைந்த நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடிக்காதவர் ஆதலால், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய அவருடைய உச்சக்குரலுக்கு இசைத்தட்டுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. தட்டு வேகமாகச் சுழன்றால் அந்தக் குரல் உண்மையைவிட மெலிந்து கீச்சென்று ஒலிக்கும்; மெதுவாகச் சுழன்றால் அதன் பாய்ச்சல் போய்விடும். எனவே பக்கவாத்தியங்களின் நாதம் எப்போது இயல்பாகக் கேட்கிறது என்று பார்த்துப் பார்த்து வேகத்தைத் திருத்தும் சேகரிப்பாளர், ஒரு மனிதரின் குரலையே மீட்டெடுக்கும் பொறுப்பை ஏற்கிறார்.

1925இல் அமெரிக்காவில் அறிமுகமான மின்வழிப் பதிவு சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தபின், மெல்லிய குரலும் வீணையின் நாதமும் தட்டில் ஏற இடம் கிடைத்தது. 1928இல் கல்கத்தாவை அடுத்த டம்டமில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. ஜெர்மன் நிறுவனமான ஓடியன் 1912 முதல் 1916 வரையும், பின்னர் 1932 முதல் 1938 வரையும் இந்தியாவில் இயங்கியது, சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் இதன் தென்னிந்தியத் தட்டுகளை வெளியிட்டது. பின்னாளில் ஏவிஎம் எனப் புகழ்பெற்ற திரைப்பட நிறுவனத்தின் வேர் இந்த இசைத்தட்டு வாணிபத்தில் உள்ளது. தேசிய இயக்கப் பாடல்களும் இக்காலத்தில் தட்டேறி ஊர் ஊராகப் பரவின. அவற்றில் சிலவற்றை அரசு தடை செய்தது.

இன்றைய சேகரிப்பாளர்கள் மிகுதியும் நாடுவது இக்காலத்து நாடக செட்டுகளை. மேடையில் விடிய விடிய நடந்த கோவலன், நல்லதங்காள், அரிச்சந்திரா போன்ற நாடகங்களை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கி, பாட்டும் வசனமும் ஆர்மோனியமும் கலந்து பல தட்டுகளில் பதித்து ஒரே உறையில் விற்றனர். இத்தொகுதியே நாடக செட் எனப்பட்டது. பக்கம் முடியும் இடத்தில் அழுகையும் சூளுரையும் பாதியில் நிற்கும். தட்டைத் திருப்பிச் சாவி கொடுத்தால்தான் கதை தொடரும். முழுச் செட் கிடைப்பது அரிது. நான்காம் தட்டு இல்லாத செட்டை வைத்துக்கொண்டு, கதையின் நடுப்பகுதியைப் பாட்டுப் புத்தகத்தில் படித்து நிரப்பிக் கேட்போர் இன்றும் உள்ளனர். கச்சேரி இசை ஆய்வாளர்கள் நெடுநாள் பொருட்படுத்தாத இச்செட்டுகளில்தான், தமிழ்த் திரைப்படம் பேசக் கற்றபோது எந்த உச்சரிப்பை, எந்த ஏற்ற இறக்கத்தை மேடையிலிருந்து பெற்றது என்பதற்கான நேரடிச் சான்று உள்ளது. நகைச்சுவை உரையாடல்கள், கிளாரினெட், பேண்டு வாத்தியம், நாகூர் இ. எம். அனிபா பாடிய இஸ்லாமியப் பாடல்களும் திராவிட இயக்கப் பாடல்களும் அடுத்த நிலையில் விரும்பப்படுகின்றன.

தட்டின் தேய்மானத்தையும் சான்றாகக் கொள்ளலாம். ஒரு பக்கம் வெளுத்துத் தேய்ந்து மறுபக்கம் பளபளப்பாக இருந்தால், அந்த வீட்டார் எந்தப் பாட்டை விரும்பினர் என்பது தெரிந்துவிடும். திருமணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட மைக் செட்காரர்களிடமிருந்து வந்த தட்டுகளில் இரைச்சலே மிகுதி. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடி பதிந்த தட்டு நல்ல நிலையில் அகப்படுவது கடினம் என்றால், அது ஊரெங்கும் ஓயாமல் ஒலித்தது என்பதே பொருள்.

அமெரிக்காவில் 1948இல் நெடுந்தட்டு (எல்.பி.) வந்துவிட்டபோதும், மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டிகள் நிறைந்திருந்த இந்தியாவில் அரக்குத் தட்டு 1960களிலும் வெளிவந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட இங்கே அவ்வடிவில் வந்ததால் அத்தட்டுகளை மேலைச் சேகரிப்பாளர்கள் பெரும்விலை கொடுத்துத் தேடுகின்றனர். வழக்கொழிந்த தட்டுகள் சென்னையில் மூர் மார்க்கெட்டின் பழைய பொருள் கடைகளில் வந்து குவிந்தன. 1985இல் அக்கட்டடம் தீக்கிரையானதோடு சேகரிப்பாளர்களின் முக்கியச் சந்திப்பிடமும் மறைந்தது. கலை விமர்சகர் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சென்னையில் தம் இல்லத்தில் திரட்டிப் பாதுகாத்தார். ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர் தொடக்க காலப் பதிவுகளின் விரிவான பட்டியலை நூலாக்கினார். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் முயற்சியும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டமும் இணைந்து ஓடியன் தட்டுகள் எண்ணிம வடிவில் காக்கப்பட்டன.

ஆயினும் இன்று இணையத்தில் உலவும் பல நகல்களில் இரைச்சலை நீக்குகிறோம் என்று குரலின் உச்ச அதிர்வுகளையும் சேர்த்து நீக்கிவிடுகின்றனர். தட்டு எண்ணையும் வேகத்தையும் குறிப்பதில்லை. முடிவில் வரும் பெயரறிவிப்பைத் தேவையற்றதென்று வெட்டிவிடுகின்றனர். இவ்வாறு செய்யப்பட்ட நகல் கேட்க இனிமையாக இருக்கலாம், சான்றாக அதற்கு மதிப்பில்லை.

வீட்டுப் பரணில் இத்தகைய தட்டுகளை வைத்திருப்போர் அவற்றை எடைக்குப் போட்டுவிடலாகாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்கவும். வெயிலும் அடுப்பனலும் படாமல் காக்கவும். அரக்கு சாராயத்தில் கரையும் ஆதலால் ஸ்பிரிட் கலந்த எதையும் கொண்டு துடைக்காமல் மென்மையான துணியால் தூசியை மட்டும் அகற்றவும். வட்டத்தாளில் உள்ள பெயரையும் எண்ணையும், வெற்று வளையத்தில் பொறித்துள்ள எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஆவண நூலகம் ஒன்றுக்குத் தெரிவிக்கவும்; நாடக செட்டில் விடுபட்டிருக்கும் அந்த நான்காம் தட்டு அப்பரணிலேயே இருக்கக்கூடும்.